மூன்று கரண்டி மருந்து

வாசுகி,

நீ கேட்ட நோட்டுப் புத்தகங்கள் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. பிஸ்கட் டின்னில் அந்துருண்டை போட்டு அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். கறையான் அரித்திருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். ஆனால் இந்த வீட்டுக் கறையானுக்கு உன் அம்மாவின் புடவைதான் பிடிக்கிறது. உன் கடிதம் வழக்கம்போல் தந்தி மாதிரி நாலே வரி. "அப்பா, உங்க கொசு மருந்து புக் எல்லாத்தையும் ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க. சாலாக் செலாத்தான் மாமா தொட்டிக்கு மருந்து போட்ட பக்கம் ரொம்ப முக்கியம். நீங்க ஒரு கரண்டிதான் போட்டீங்க, அப்படியும் மீனுக்கு நோய் வந்துச்சு. மாமா மேல தப்பில்லன்னு நான் காட்டப் போறேன்." வியாழக்கிழமையிலிருந்து இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். புத்தகத்தை அனுப்பினாலும் மாட்டினேன், அனுப்பாவிட்டாலும் மாட்டினேன். நீ மீன் நோய் ஆராய்ச்சி செய்கிற பினாங்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் உன் அம்மா, "என்னா, பிள்ளைகிட்டயா பேசுறீங்க, இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்த நீளக் கடிதம். நடுவில் கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொண்டே படி. நிறுத்திவிடாதே.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. தோளில் மெஷினைத் தொங்கவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துகளில் புகை அடிப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உன் பள்ளிக்கூடத் தோழிகள் எனக்கு 'கொசு அங்கிள்' என்று பேர் வைத்ததும், நீ அழுதுகொண்டு வந்ததும் ஞாபகம் இருக்கிறதா? புகை வெளிக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை இன்னொன்று இருந்தது. வீடு வீடாகப் போய் தண்ணீர்த் தொட்டி, டிரம், குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்து, கொசுப்புழு நெளிகிற தண்ணீரில் மணல் மாதிரியான மருந்தைப் போட வேண்டும். இத்தனை பெரிய தொட்டிக்கு இத்தனை கரண்டி என்று கணக்கு உண்டு. அந்த அளவில் போட்டால் புழு மட்டும் சாகும், மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். போட்டதும் வீட்டு நம்பர், தொட்டி, கரண்டி, தேதி, கையெழுத்து என்று புத்தகத்தில் எழுதி, கார்பன் நகலை ஆபீசில் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து அழகானது, மேலதிகாரிகளே பாராட்டியிருக்கிறார்கள். அழகான கையெழுத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் நம் ஆளாக இருந்தால் நம் இலையில் பாயசம் ஒரு கரண்டி கூட விழும். கேட்க வேண்டியதில்லை, கண்ணைப் பார்த்தாலே போதும். அந்தப் பழக்கத்தை நான் மருந்திலும் கொண்டுவந்துவிட்டேன். "அண்ணே, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, இன்னும் கொஞ்சம் போட்டு விடுங்க லா" என்பார்கள். போடுவேன். ஒரு தேத்தண்ணி வரும், முறுக்கு வரும், "நம்ம அண்ணன் கை தாராளம்" என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நான் அடிமையாக இருந்தேன். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். சரி, கூடப் போட்ட மருந்து எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய், நீ அப்படிக் கேட்கிறவள்தான். பூட்டிக் கிடந்த வீடுகளிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், கேட்டைத் திறக்க ஆளிருக்காது. மறுநாள் போக வேண்டும் என்பது விதி. நான் போகாமலே 'ஒரு கரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஞ்சிய மருந்து நம் ஆட்களுக்குப் போயிற்று. அந்தப் பூட்டிய வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஆகவே வாசுகி, மாமாவின் பக்கம் மட்டும் பொய் இல்லை. பதினொரு புத்தகமும் அப்படித்தான்.

இப்போது உன் மாமா கதைக்கு வருகிறேன். உன் அம்மாவின் அண்ணன் வீரையா அப்போது சாலாக் செலாத்தானில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். பகலில் ரொட்டிக் கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் தங்கமீன். வீட்டுக்குப் பின்னால் எட்டு சிமெண்டுத் தொட்டி, கொஞ்சம் தள்ளி ஒரு மண்குளம். எட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஒரே பெரிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் போகும். குளத்துக்கு மழைத் தண்ணீர் மட்டும். மனுஷன் ஒவ்வொரு மீனையும் உள்ளங்கையில் வைத்து வாலைப் பார்த்துத்தான் பிரிப்பார். சுங்கை வேயிலிருந்து ஒரு சீன வியாபாரி லோரியில் வந்து வாங்கிப் போவார். "வீரையா மீன், கண்ண மூடிட்டு எடுக்கலாம் லா" என்று அவர் சொன்னதை உன் மாமா எங்களிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். நீ நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அங்கே போய் இரண்டு வாரம் இருந்தாய், நாள் முழுக்க தொட்டி ஓரத்திலேயே கிடந்தாய். காய்ச்சலோடு திரும்பி வந்தாய். மூன்றாம் நாள் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. டிங்கி, கொசுக் கடியால் வருகிற காய்ச்சல் என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்த ஆறு நாளைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. ஊரெல்லாம் கொசு மருந்து போடுகிறவன், சொந்தப் பிள்ளை கட்டிலில் கிடக்கிறது. உன் கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. உன் அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ பிழைத்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நேராக மாமா வீட்டுக்குப் போனேன். பெரிய தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கொசுப்புழு. மீன் இருக்கும் தொட்டியில் புழு இருக்காது, மீனே தின்றுவிடும். இந்தத் தொட்டியில் மீன் இல்லையே! அந்த அளவுக்கு ஒரு கரண்டிதான் கணக்கு. நான் மூன்று போட்டேன். பயத்தில் போட்டேன், பாசத்தில் போட்டேன், பழக்கத்திலும் போட்டேன். மூன்றையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "போதுமா மச்சான், இன்னும் போடணுமா?" என்று மாமா கேட்டார். "நம்ம வீடு மச்சான், நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஒரு தடவை போட்டால் பல வாரம் வேலை செய்யும் மருந்து. அதற்குள் மறுபடி போடக்கூடாது. நான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மூன்று போட்டேன். புத்தகத்தில் ஒன்று என்று ஒரே ஒரு வரி எழுதினேன். இரண்டாவது தடவையை எழுதவேயில்லை.

மீன் உடனே செத்திருந்தால் எல்லாருக்கும் விஷயம் புரிந்திருக்கும். ஒன்றுகூடச் சாகவில்லை. நன்றாகத் தின்றன, நீந்தின. கொசுத் தொல்லை விட்டது என்று மாமாவுக்குச் சந்தோஷம். சில வாரம் போனபின்தான் ஆரம்பித்தது. வலையில் உரசினால் மீனுக்குச் செதில் பெயர்வது சகஜம், நாலைந்து நாளில் ஆறிவிடும். அது ஆறவில்லை. அந்த இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தது. பிறகு வால் கரைந்தது, வயிற்றோரம் சிவப்புப் புண். மாமா உப்புப் போட்டார், மஞ்சள் மருந்து வாங்கி ஊற்றினார், தொட்டி தொட்டியாகத் தண்ணீரை மாற்றினார். மாற்றிய தண்ணீரும் அதே பெரிய தொட்டியிலிருந்துதான் வந்தது. நான் தினமும் வேலை முடிந்து சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒருநாள் மண்குளத்து ஓரமாக நின்றேன். அந்த மீன்கள் பளபளவென்று இருந்தன, ஒன்றின் மேலும் ஒரு புண் இல்லை. அங்கே மழைத் தண்ணீர் மட்டும்தானே! அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, வாசுகி. பிறகு தெரிந்தது என்று உன்னிடம் கதை விடமாட்டேன். அந்த நிமிஷமே தெரியும். அதற்குப் பிறகும் மூன்று வாரம் தினமும் போனேன், தினமும் "உப்பு கொஞ்சம் கூடப் போட்டுப் பாருங்க மச்சான்" என்று யோசனை சொன்னேன்.

மாமா எழுதிப் போட்டதன் பேரில் மீன்துறையிலிருந்து ஒரு சீனப் பெண் வந்தார். சின்ன வயது, ஆனால் வேலையில் கெட்டி. ஒரு மீனை அங்கேயே அறுத்து, மண்ணீரலைக் காட்டினார். குளத்து மீனையும் அறுத்துப் பக்கத்தில் வைத்தார். தொட்டி மீனுடையது சுருங்கி வெளுத்திருந்தது. அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். இந்த நோய்க்கிருமி எல்லாத் தண்ணீரிலும் எப்போதும் இருக்கிறது, மீன் அதோடுதான் வாழ்கிறது. உடம்பில் எதிர்க்கும் சக்தி இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. இந்த மீன்களுக்கு மண்ணீரல் சுருங்கி அந்தச் சக்தி போய்விட்டது. டைபாய்டில் விழுந்து எழுந்தவனுக்குச் சாதாரணச் சளியே பெரிய வியாதி ஆகிற மாதிரி. ஏன் போயிற்று? நெரிசலாக இருக்கலாம், அழுக்குத் தண்ணீராக இருக்கலாம், ஏதாவது மருந்தாகவும் இருக்கலாம் என்றார். பிறகு என் சீருடைச் சட்டையைப் பார்த்துவிட்டு, இங்கே கொசு மருந்து போட்டீர்களா, எவ்வளவு என்று கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். ஒன்று. என் அழகான கையெழுத்து. அவர் இரண்டு முறை படித்தார். இந்த அளவு என்றால் மருந்து காரணமாக இருக்க முடியாது என்று சொல்லி, தொட்டி சுத்தம் போதாது, மீன் நெரிசல் அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் மாமா தன் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். "தினமும் கழுவுறேனே மச்சான்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் எங்களை மேய்க்கிற மேஸ்திரி, எங்கள் மண்டோரிடம் போய், புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். "புக்குல ஒண்ணுன்னு இருக்கா? அப்ப ஒண்ணுதான். ஒரு வரிய மாத்துனா மத்த வரியெல்லாம் கேப்பாங்க. பூட்டுன வீட்டுக் கணக்கெல்லாம் வெளிய வரும். உன் வேல போகும், குவார்ட்டர்ஸ் போகும், என் வேலயும் போகும். பிள்ளைய இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்த. எங்க கொண்டு போய் வைப்ப?" அவர் கெட்டவர் இல்லை, சரியாகத்தான் கேட்டார். குவார்ட்டர்ஸ் என்றால் உனக்குத் தெரியுமே, வேலை இருக்கும்வரைதான் கூரை. அந்த இரண்டு அறை வீட்டுக்குள் அன்றைக்கு நுழைந்தவன் மனசளவில் இன்னும் வெளியே வரவில்லை. ஓய்வு பெற்று, இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து, வேலை போகும் என்ற பயமெல்லாம் தீர்ந்த பிறகும் சொல்லவில்லை. அப்போது வேலைக்குப் பயந்தேன். பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். இரண்டாவது பயம் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது, அதற்கு ஓய்வு வயதே கிடையாது.

வியாபாரி வருவதை நிறுத்தினார். வீரையா மீன் வாங்கினால் மற்ற மீனுக்கும் நோய் ஒட்டும் என்று பேச்சு பரவியது. நல்ல குளத்து மீனையும் யாரும் வாங்கவில்லை. மாமா எட்டுத் தொட்டியையும் உடைத்துவிட்டு கிள்ளானுக்குப் போய் கிடங்கு வேலையில் சேர்ந்தார். அவர் விடைபெற வந்த அன்று நாமெல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். உன் அம்மா பரிமாறிக்கொண்டே, "எத்தன தடவ சொன்னேன் அண்ணே, தொட்டிய நல்லா தேச்சுக் கழுவுங்கன்னு. எல்லாத்துலயும் அசால்ட்டு" என்றாள். மாமா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். "ஆமா, என் தப்புத்தான்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற ஒரு சத்தம் உண்டென்றால் அது அன்றைக்கு "ரசம் ஊத்து" என்று கேட்ட என் குரல்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இருக்கக்கூடாது. ஆனாலும் அப்பன் வாய், சும்மா இராது. ஒருவர் எழுதிவைத்ததை, அவர் உன் அப்பாவாகவே இருந்தாலும், கண்ணை மூடி நம்பாதே. எழுதினவனுக்கு அன்றைக்கு என்ன பயம் இருந்தது என்று கேள். என் ஒரு கரண்டியை நம்பி, சரியான அளவே மீனைக் கெடுக்கும் என்று நீ எழுதினால், நாளைக்கு யாரோ ஒருவர் தன் தொட்டிக்கு மருந்து வேண்டாம் என்பார், அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு உனக்கு வந்த காய்ச்சல் வரும். சரியான அளவு மீனை என்ன செய்யும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், மெல்ல ஏதோ செய்யவும் செய்யலாம். அதை உன் கண்ணாடித் தொட்டிகளில் நீயே அளந்து போட்டுப் பார். என் புத்தகத்திலிருந்து ஒரு வரியும் எடுக்காதே. இன்னொன்று. உனக்காகத்தான் இப்படிச் செய்தேன் என்று நினைத்து அழாதே. நீ பத்து வயதுப் பிள்ளை, காய்ச்சலில் கிடந்தாய், அவ்வளவுதான். கரண்டி என் கையில் இருந்தது.

உனக்கு எழுதுவதற்கு முன் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கிவிடலாம் என்று மணியைக்கூட அடித்துவிட்டேன். பஸ் நின்றது, டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமா வாசலில் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிடுவேன் என்று பயம். அவர் குழாயை மூடவில்லை, தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டே இருந்தது.

"எத்தன?" என்றார்.

"மூணு மச்சான். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மூணு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"குளத்து மீனப் பாத்தப்பவே."

பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னார். "நீ போட்டது பரவால்ல மச்சான். பிள்ளைக்குப் பயந்து போட்ட. யாரா இருந்தாலும் போட்டிருப்பான். ஆனா அதுக்கப்புறமும் மூணு வாரம் இருந்திச்சே. தினமும் வந்து நின்னியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, குளத்துத் தண்ணிய எறச்சு விட்டிருப்பேனே. புண்ணு ஆறியிருக்குமே." உன் அத்தை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் எனக்கும் இலை போடச் சொன்னார். நான் மறுக்க முடியாமல் உட்கார்ந்தேன், அவர் பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டேன். கிளம்பும்போது, "வாசுகிக்கு எழுதிடு. பிள்ள படிப்பு கெட்டுறக் கூடாது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆறு கரண்டிக்கு அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. மூன்று வாரத்துக்கு இல்லை. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். அந்த மருந்துத் தண்ணீரில் சக்தி இழந்த மீனை, நோய் கண்ட பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றினால், அந்தச் சக்தி திரும்புமா? மாமா சொன்னதுபோல் புண் ஆறியிருக்குமா? உன் தொட்டியில் செய்து பார். ஆறாது என்றால் எழுது. ஆறும் என்றால், எத்தனை நாளில் ஆறும் என்பதையும் சேர்த்து எழுது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று குறைத்துச் சொல்லாதே. நம் வீட்டில் பொய்யான எண் எழுதினவன் நான் ஒருவனாகவே இருக்கட்டும்.

உன் அப்பா